காது கேட்காத நாத்தனார்

என் தம்பிக்கு நிச்சயம் பேசப் போன வீட்டில், தேத்தண்ணியா காப்பியா என்று பெண்ணின் அம்மா என் இடது காதுக்குள் கத்தினார்.

கேட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். புக்கிட் மெர்தாஜாமில் அவர்கள் வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே சில தெருக்கள் இருக்கின்றன. அன்று ரயிலுக்குக் காத்து நின்றவர்களில் ஒருவராவது தனக்குத் தேத்தண்ணி போதும் என்று பதில் சொல்லியிருப்பார்.

பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி என்றேன். நல்ல மனுஷி அவர். புரிந்துகொண்டதற்கு அடையாளமாக என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் யாராவது தொட்டால் எனக்கு உடம்பே சுருங்கிப்போகும். அன்று சத்தமே போதுமானதாக இருந்ததால் அதைத் தனியாகக் கவனிக்க நேரமில்லை.

அடுத்துப் பெண்ணின் தாய்மாமா வந்தார். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உடைத்து, நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பொருள் வாங்கும் பிரிவில் என்றேன். அவருக்கு ஒரே வியப்பு. எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று பக்கத்திலிருந்தவரிடம் என்னைப் பாராட்டினார். அவருக்குப் பின்னால் ஓர் அத்தை, தட்டைக் காட்டி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். வடை வேண்டுமா என்பதற்கு அந்த நாட்டியம்.

அந்த வீட்டில் எல்லாருமே எல்லாரிடமும் இப்படித்தானோ என்று சுற்றிப் பார்த்தேன். மற்றவர்களிடமும் உரக்கத்தான் பேசினார்கள். ஆனால் எனக்கென்று ஒரு கரண்டி தாராளமாக ஊற்றினார்கள்.

எதிரே என் அம்மா, மேலே சுற்றும் காற்றாடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காற்றாடியைப் பார்த்தால் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

முசுடு, கல்லுளிமங்கி, இன்ன பிற

காற்றாடிக்கு அப்புறம் வருகிறேன். இந்தப் பத்திரிகைத் தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று, நாற்பதைத் தாண்டிய பிறகு, ஜார்ஜ் டவுனில் ஓர் உளவியல் நிபுணர் சொன்னார். பிறந்ததிலிருந்து இருந்ததாம். எனக்குத்தான் தகவல் தாமதமாக வந்து சேர்ந்தது.

அதற்கு முன் எனக்குப் பெயர் இல்லாமல் இல்லை. டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் நான் முசுடு. பள்ளிக்கூடத்தில் கல்லுளிமங்கி. சித்தப்பா வீட்டில் திமிர் பிடித்தவள். தொழிற்சாலையில் 'அந்த ஒரு மாதிரி லோகா'. லோகேஸ்வரி என்று வைத்த பெயர் பிறப்புப் பத்திரத்தோடு நின்றுவிட்டது.

இத்தனை பெயரையும் இலவசமாகக் கொடுத்தவர்கள், நானே காசு கொடுத்து வாங்கிவந்த ஒரே ஒரு பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். இந்த வயதில் இந்த மாதிரி ஒட்டுச்சீட்டெல்லாம் எதற்கு என்றார் சித்தப்பா. திமிர் பிடித்தவள் என்று நெற்றியில் ஒட்டியவரே அவர்தான்.

ஆறுதல் சொல்பவர்கள் இன்னொரு வகை. "எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்லா" என்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தங்களுக்கும் இருப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போகிறார்கள். இப்படியே போனால் எனக்கென்று மிச்சம் இருக்காது. சிலர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்பார்கள். தெரியாமலிருக்க நாற்பது வருஷம் பாடுபட்டிருக்கிறேன். கண்ணாடி முன் நின்று சிரிப்புப் பழகியவள் நான். ஒருவராவது அந்த உழைப்பைப் பாராட்டியிருக்கலாம்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் அந்த நிபுணரின் அறை வரை எழுதி நிறுத்தியிருந்தேன். கெப்பாலா பத்தாஸ் வாசகர் ஒருவர் உடனே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பசும்பாலை விட்டுவிட்டு ஆட்டுப்பாலுக்கு மாறினால் சரியாகிவிடுமாம். விசாரித்ததில் அவர் ஆடு வளர்க்கிறார் என்று தெரிந்தது.

"நானும் அப்படித்தான்"

அந்த அறையில் நடந்த ஒன்றைப் போன வாரம் விட்டுவிட்டேன். என் சிறு வயதைப் பற்றிக் கேட்க அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார் அந்த நிபுணர். இளம் சீனப் பெண். அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்லப் போகிறவர் கசங்கிய சேலையில் போகலாமா?

அந்தப் பெண் மலாயில் கேட்டார். அம்மா மலாயும் தமிழும் கலந்து சொன்னார். இடையில் நான் மொழிபெயர்த்தேன். என் வழக்கில் நானே துபாஷி.

மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவாளா என்று முதல் கேள்வி. "எதுக்கு வெளையாடணும்? நல்ல புள்ளயா ஒரு மூலையில இருப்பா. நானும் சின்ன வயசுல அப்படித்தான்" என்றார் அம்மா. சத்தம் பிடிக்குமா? தைப்பூசத் தேர் தெருமுனைக்கு வரும்போதே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், தானும் அப்படித்தான். சட்டை? கழுத்தில் உறுத்தும் துணித்துண்டைக் கத்தரித்துக் கொடுத்தால்தான் போடுவாள், தானும் அப்படித்தான். சாப்பாடு? தட்டில் கறி சோற்றைத் தொடக்கூடாது. அதிலென்ன இருக்கிறது, யாருக்குத்தான் பிடிக்கும், தனக்கும் பிடிக்காது.

ஓர் இடத்தில் அந்தப் பெண்ணின் பேனா நின்றது. அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஒரே திருப்தி. எல்லாம் சாதாரணம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டதாகப் பெருமைப்பட்டார். பிறகு என்ன முடிவு வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பாலத்தில் வெளிவந்த உண்மை

இப்போது காற்றாடி. நிச்சயம் முடிந்து திரும்பும்போது தம்பி குமரன் காடியை ஓட்டினான். தீவுக்குத் திரும்பும் கடல் பாலத்தில் நெரிசல். பின் இருக்கையிலிருந்து நான் கேட்டேன், அவர்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று. அம்மா கடலைப் பார்த்தார். காற்றாடி இல்லாத இடத்தில் கடல்.

கூட்டமான இடங்களுக்கு நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவேன். எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்கள் ஓடும் பகுதியின் வாசலில் பெட்டி நிறைய வைத்திருப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறப் பஞ்சுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார். என் அம்மா கண் இமைக்காமல், மகளுக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் அந்தப் பஞ்சைக் காது கேட்க வைக்கும் மெஷின் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சின்ன மெஷினுக்கு உதவியாகத் தங்கள் தொண்டையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

எனக்குச் சத்தம் காதோடு நிற்காது. பல்லுக்குள் இறங்கும், பிறகு வயிற்றைப் புரட்டும். அதைக் குறைக்கத்தான் பஞ்சு. பஞ்சைப் பார்த்துக் கத்துவது, தீப்புண்ணுக்கு வெந்நீர் ஊற்றுகிற உபசாரம்.

ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா இந்த முறை கடலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"காதுன்னா பாவம்னு சொல்வாங்க. நீ சொல்ற அந்தப் பேரச் சொன்னா, பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. நாளைக்குப் பேரப்புள்ளைக்கும் வருமான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

குமரன் ரேடியோவைத் திறந்தான். எங்கள் வீட்டு ஆண்கள் கருத்துச் சொல்லும் முறை அது.

கைப்பைக் காவல்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் எனக்கு ஒரே வேலைதான். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி. அதைச் சுற்றி அத்தைகள், சித்திகள், அவர்கள் மகள்கள் எல்லாருடைய கைப்பைகளும். லோகா பார்த்துக்கொள்வாள் என்று வைத்துவிட்டு மேடைக்குப் போய்விடுவார்கள். நானும் பார்த்துக்கொள்வேன். இருபது வருஷத்தில் ஒரு பை தொலைந்ததில்லை. ஆரத்தி எடுக்கவோ, சந்தனம் கொடுக்கவோ, தட்டுத் தூக்கவோ என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அதற்கெல்லாம் சிரித்த முகம் வேண்டும். என் சிரிப்பு கண்ணாடியில் பழகியது, மேடை விளக்கில் சாயம் போய்விடும்.

ஆனால் ஒரு வேலை எனக்கு யாரும் கொடுக்காமலேயே வந்தது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் சகோதரி, பெண்ணுக்குப் பின்னால் நின்று போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. எங்கள் பக்கத்தில் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. கூடப் பிறந்திருந்தால் போதும். குமரனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

யாரிடமும் பேச வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு முடிச்சு. இந்தச் சமூகம் எனக்காகவே உட்கார்ந்து யோசித்து வைத்ததுபோல் இருக்கும் ஒரே சடங்கு. அது எனக்கு வேண்டும். அதை நான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

சாம்பார் பார்க்கப் போகிறவர்

கல்யாணம் என்றதும் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் எந்தக் கல்யாணத்திலும் அம்மாவை மண்டபத்தில் பார்க்க முடியாது. ஐயர் தாலித் தட்டை எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பும்போதே எழுந்துவிடுவார். சாம்பார் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். கெட்டிமேளம் அடித்து ஓய்ந்த பிறகுதான் திரும்பி வருவார்.

தன் தங்கை கல்யாணத்திலும் அப்படித்தான். சித்தப்பா மகள் சாந்தி கல்யாணத்திலும் அப்படித்தான். சமையலுக்கு ஆள் வைத்து, அந்த ஆளுக்கு மேல் ஓர் ஆள் வைத்திருந்த பணக்காரக் கல்யாணத்திலும் அம்மா போய்ச் சாம்பாரைப் பார்த்தார். பொறுப்பானவர் என்று சொந்தத்தில் அவருக்கு நல்ல பெயர். எனக்குக் கல்லுளிமங்கி, அவருக்குப் பொறுப்பானவர். பெயர் கொடுப்பதில் எங்கள் சொந்தம் எப்போதும் ஆள் பார்த்துத்தான் கொடுக்கும்.

சாந்தி கட்டட்டும்

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சம்பந்தி அம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அடுப்படியில் இருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

நாத்தனாருக்குக் காது கேட்காதே, கெட்டிமேளம் அடிப்பது எப்படித் தெரியும், முடிச்சு தாமதமாகி நேரம் தப்பிவிட்டால் நன்றாக இருக்குமா என்பது அவர் கவலை. பாவம், குறை சொல்வதாக நினைக்க வேண்டாம் என்று நாலு தடவை சொன்னார். அம்மா உடனே சரி என்றார். சித்தப்பா மகள் சாந்தி இருக்கிறாள், அவளும் தங்கை முறைதான், அவள் கட்டட்டும்.

நான் கையிலிருந்த கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன். பக்கத்து மாடியில் குழாய் சொட்டுவது கேட்டுத் தூக்கம் வராதவள் நான். எனக்குக் காது கேட்காது என்று சொல்லி என் முடிச்சைப் பிடுங்கிச் சாந்தியிடம் கொடுக்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அம்மா. தாலி ஏறின பிறகு எனக்கு அதில் என்ன இருக்கிறது?

"மேடையில அந்த மேளத்துக்குப் பக்கத்துல நின்னு நீ என்ன கஷ்டப்படணும்னு தலையெழுத்தா? ஓரமா உக்காரு. பைங்களப் பாத்துக்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று நினைத்து அம்மா உள்ளே போய்விட்டார். என் முகத்தில் எது எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை பிடிபட்டதில்லை.

தம்பியிடம் சொன்னேன். அக்காதான் கட்ட வேண்டும் என்று அவனுக்கும் ஆசையாம், ஆனால் அம்மாவிடம் பேசத் தைரியம் இல்லையாம். பல மாடிக் கட்டடங்களுக்கு மின்தூக்கி பொருத்துகிற பொறியாளன் அவன். உயரத்துக்குப் பயப்படமாட்டான். அம்மா ஐந்தடிகூட இல்லை.

அலங்கார அறையில்

நான் ஏதாவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே தயாரித்து ஒத்திகை பார்க்க வேண்டும். சம்பந்தி அம்மாவிடம் பேச வேண்டியதைக் குளியலறையிலும், வேலைக்குப் போகும் வழியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. அம்மா சொன்னது முழுப் பைத்தியக்காரத்தனம் அல்ல. இந்த ஒரு சொல்லுக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த வீடுகளை நானும் அறிவேன். என் முடிச்சுக்காகத் தம்பியின் கல்யாணம் நின்றால், நான் எந்த முகத்தோடு வீட்டில் இருப்பேன்?

இருந்தாலும் கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் அலங்கார அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே பெண் தாரிணி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல என் காதை நோக்கிக் குனிந்தார்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்து, ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"எனக்குக் காது நல்லா கேக்குங்க. தேவைக்கு மேலயே கேக்கும், அதுக்குத்தான் இந்தப் பஞ்சு. எனக்கு ஆட்டிசம். அம்மா சொல்லப் பயந்துட்டாங்க. என் தம்பி கல்யாணத்துல நாத்தனார் முடிச்ச நான்தான் போடணும்."

அந்த அம்மாள் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கையிலிருந்த பூச்சரம் அப்படியே நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து தாரிணிதான் பேசினாள். அவளுக்கு எப்போதோ தெரியுமாம். பழக ஆரம்பித்தபோதே குமரன் சொல்லிவிட்டானாம். அம்மாவிடம் பேசத் தைரியமில்லாத வீரன் மற்ற எல்லா இடத்திலும் பேசியிருக்கிறான்.

சம்பந்தி அம்மா வாயைத் திறந்தார்.

"ஆட்டிசமா? டீவில பாத்திருக்கேன். அது சின்னப் பிள்ளைங்களுக்குத்தான வரும்?"

"சின்னப் பிள்ளைங்க வளருவாங்க" என்றேன்.

அதை ஒரு நிமிஷம் யோசித்து, சரிதான் என்று தலையாட்டினார். பிறகு கெட்டிமேளம் கேட்குமா என்று கேட்டார். பஞ்சு வைத்தாலும் கேட்கும் என்றேன். அப்படியென்றால் நீங்களே கட்டுங்கள், எனக்கு அந்த ஒரு கவலைதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் பூ வைக்கத் தொடங்கினார். குழந்தை, பரம்பரை, பேரப்பிள்ளை ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது நல்ல நேரம் ஒன்றுதான்.

இனிமேல் என்னிடம் கத்த வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். தாரிணி சிரித்துவிட்டாள். "அக்கா, அது அம்மாவோட சாதாக் குரல். ஒங்களுக்காகக் கொஞ்சம் கூட்டுனாங்க, அவ்ளோதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'ஆட்டிசமா' என்று அவர் கேட்டதும் அதே சாதாக் குரலில்தான். கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் செருப்பு விடுகிறவர்கள்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்காக அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், இரு வீட்டாருக்கும் ஒரே மூச்சில் பரிமாறப்பட்டுவிட்டது. மண்டபத்தின் நடுவே அம்மா சந்தனக் கிண்ணத்தோடு சிலையாக நின்றார்.

வானம் இடிந்து விழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு காலைப் பலகாரத்தில் இட்லி தீர்ந்துவிட்டது என்ற செய்தி வந்தது. எல்லாரும் அந்தத் துக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

கெட்டிமேளம்

மேடையில் ஏறி நின்றேன். சாந்தியிடம் சொன்னதும் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. என் பழைய நாற்காலிக்குப் போனாள். போகிற வழியிலேயே அத்தைகள் அவள் மடியில் பைகளை வைக்கத் தொடங்கினார்கள்.

அம்மா மாப்பிள்ளையின் தாய் என்பதால் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாக வேண்டும். தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்தபோது, பழக்கத்தில் படியை நோக்கி ஓரடி வைத்தார். ஐயர், தாயார் இங்கேயே இருங்கள் என்று நிறுத்தினார். சொந்த மகன் கல்யாணத்தில் சாம்பார் பார்க்கப் போக முடியாது.

ஐயர் கையை உயர்த்தினார். தவிலுக்கு முன்னால் மைக் வைத்தால் இன்னும் சிறப்பாக இருக்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். பஞ்சைத் தாண்டிக்கொண்டு அது என் பல்லுக்குள் இறங்கியது. நான் தாரிணியின் பின்கழுத்தை மட்டும் பார்த்தேன். மல்லிகை, மஞ்சள், வியர்வை வாசம். குமரன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். என் விரல்களுக்குக் காது கிடையாது. அவை இரண்டாவது முடிச்சைப் போட்டன. மூன்றாவதையும் போட்டன. இறுக்கிப் பார்த்தேன், நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது எல்லாரும் மஞ்சள் அரிசியைத் தூவினார்கள், அம்மாவைத் தவிர. அம்மாவின் கை முஷ்டியாக மூடியிருந்தது. விரல் இடுக்கில் மஞ்சள் அரிசி பிதுங்கி உதிர்ந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கன்னத்தில் கண்ணீர்.

"பெத்த மனசுலா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அது பெற்ற மனசு அல்ல. அந்தத் தோளை எனக்குத் தெரியும். அது என்னுடைய தோள். தங்கை கல்யாணத்துச் சாம்பார், சாந்தி கல்யாணத்துச் சாம்பார், அந்தப் பணக்காரக் கல்யாணத்துச் சாம்பார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. அந்தச் சீனப் பெண்ணின் பேனா எதற்காக நின்றது என்றும் அப்போதுதான் புரிந்தது. நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான் என்று அம்மா சத்தியமாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் மொழிபெயர்ப்பில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

என் கோபமெல்லாம் அந்த நிமிஷமே கரைந்தது என்று எழுதினால் இந்தப் பக்கம் அழகாக முடியும். கரையவில்லை. எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றவர், தனக்கு மட்டும் இத்தனை வருஷம் சாம்பார் என்ற சாக்கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் அறுபத்தைந்து வயதுவரை ஒருத்தி தனியாக, யாருக்கும் சொல்லாமல், அது என்னவென்றே தெரியாமல் இதைத் தாங்கியிருக்கிறாள்.

அம்மாவுக்கும் யாராவது தொட்டால் பிடிக்காது. அதனால் தொடவில்லை. ஸ்பீக்கருக்கும் அவருக்கும் நடுவே போய், மேளம் ஓயும்வரை குறுக்கே நின்றேன்.

பந்தி

சாப்பாட்டுப் பந்தியில் அம்மா என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே கறி சோற்றைத் தொடாதபடி நடுவே அப்பளத்தால் கரை கட்டி வைத்திருந்தேன். அம்மாவும் தன் இலையில் கரை கட்டினார். மண்டபத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம், வாளி மோதும் சத்தம், மேடையில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிச் சோதிக்கும் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கு அடியில் கையை நீட்டினார்.

"அந்தப் பஞ்சு இன்னும் ஒரு ஜோடி இருக்கா?"

எதற்கு என்றேன். சும்மாதான் என்றார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எப்படி உருட்டி வைக்க வேண்டும் என்று காட்டினேன். வைத்துக்கொண்டு, மேலே கூந்தலை இழுத்து விட்டார். தோள் மெல்ல இறங்கியது. எந்தக் கல்யாணத்திலும் பாதி இலையில் எழுந்துவிடுகிறவர், அன்று உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

பாயச வாளியோடு சம்பந்தி அம்மாவே வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து, சாப்பாடு எப்படி, உப்பு உறைப்பு சரியாக இருக்கிறதா, வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்று தன் சாதாக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். எதிர்ப் பந்தியில் ஒரு கைக்குழந்தை விழித்து அழுதது.

அம்மா இலையை வழித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"சம்பந்தி எவ்ளோ மெதுவா, பதமா பேசறாங்க. நீதான் என்னமோ கத்தறாங்க கத்தறாங்கன்னு குறை சொல்லிக்கிட்டே இருந்த."